பழைய பிஸ்கட் டப்பா, எனாமல் போர்டு: புதுப்பிப்பு

பார்லே குளுக்கோ (இன்றைய பார்லே-ஜி) காலத்து பிஸ்கட் டப்பாக்கள், கடை போர்டுகள் பற்றிய முந்தைய பதிவுக்கு வந்த கேள்விகள்: வயதை எப்படிக் கணிப்பது, துருவை என்ன செய்வது?

வயதுக்கு, படத்தை விட்டுவிட்டு பொடி எழுத்தைப் படியுங்கள். 'நயா பைசா' விலை என்றால் 1957-64. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. ஆங்கிலத்தில் மும்பை என்றிருந்தால் பெரும்பாலும் 1995க்குப் பிறகு. மராத்தி எழுத்தை வைத்து இப்படிச் சொல்ல முடியாது, அதில் எப்போதுமே மும்பைதான். சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளி அண்மைக் காலத்தது; அதோடு வருவதை 'தாத்தா காலத்துது' என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எனாமல் போர்டை விரலால் தடவுங்கள். நிறம் மாறும் இடத்தில் லேசான மேடு தட்டுப்பட்டால் அசல் என்பதற்கு நல்ல அறிகுறி. அசலில் ஆணி ஓட்டையைச் சுற்றியும் ஓரத்திலும்தான் முதலில் சில்லு பெயர்ந்து துரு ஏறும். போர்டு முழுக்க ஒரே சீராகத் துரு என்றால் பழசாகக் காட்டச் செய்த ஆசிட் வேலை.

அச்சிட்ட தகர டப்பாவில் தின்னர், டாய்லெட் கிளீனர் இரண்டும் கூடவே கூடாது; வார்னிஷோடு நிறமும் வந்துவிடும். ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த நீரில் பிழிந்த துணி போதும். மூட்டுக்குள் தண்ணீர் தங்கினால் உள்ளிருந்து துரு கிளம்பும், உடனே ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டுங்கள். துருப் புள்ளிக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய், பஞ்சில் தொட்டு. மும்பை மழைக்கு உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் வெள்ளிக்கிழமை கடைகள் மூடல், நடைபாதைச் சந்தை மட்டும். டார்ச் எடுத்துக்கொண்டு விடியும் முன்பே போங்கள்.