சக் பெரியைப் பத்தடி தூரத்தில் பார்த்த இரவு

2012ல் வேலை விஷயமாக ஆறு மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்தேன். கூட வேலை பார்த்தவர் ஒரு புதன்கிழமை மதியம், "சாயங்காலம் சக் பெரி வாசிக்கிறார், ஒரு டிக்கெட் கூடுதலா இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டார். ராக் அண்ட் ரோலைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் 85 வயதில், மாதம் ஒருமுறை, சொந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடையின் கீழ்த்தளத்தில் வாசிக்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

டெல்மார் சாலையில் இருக்கும் புளூபெரி ஹில்தான் அந்தக் கடை. கீழே டக் ரூம், 340 பேர் நிற்கலாம். 1996லிருந்து 2014 வரை அங்கே 209 முறை வாசித்திருக்கிறார். மாலுமித் தொப்பி, மினுமினுக்கும் சட்டை, சிவப்பு கிப்சன் கிட்டார். சுருதி விலகியிருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நடுவில் வரி மறந்து நின்றபோது மகள் இங்க்ரிட் மௌத் ஆர்கனோடு பக்கத்தில் வந்து அந்த இடத்தை நிரப்பினார். என் கண் முழுக்க அவருடைய விரல்களில்தான் இருந்தது, அவ்வளவு நீளம்.

அப்புறம் பல இரவுகள் அவரைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். 1944ல் கொள்ளை வழக்கில் சிக்கி, 21வது பிறந்தநாளன்று வெளியே வந்தவர். 1955ல் செஸ் என்ற இசைத்தட்டு கம்பெனி வெளியிட்ட அவருடைய முதல் பாட்டு 'மேபலீன்' அமெரிக்கா முழுக்க ஓடியது, ஆனால் எழுதியவர்கள் பட்டியலில் ஒரு வரிகூட எழுதாத இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள், அதில் ஒருவர் ரேடியோவில் பாட்டுப் போடும் ஆலன் ஃப்ரீட். அதற்கப்புறம் சக் பெரி யாரையும் நம்பவில்லை: தனியாக கிட்டாரோடு வருவார், மேடை ஏறும் முன் பணத்தை ரொக்கமாக வாங்கிவிடுவார், அந்தந்த ஊரில் கிடைக்கும் வாத்தியக்காரர்களோடு வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பலர் இதைப் பேராசை என்கிறார்கள், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ரொக்கமே 1979ல் வரி ஏய்ப்பு வழக்காகி நான்கு மாதம் சிறைக்கும் அனுப்பியது.

ஆனால் 14 வயதுப் பெண்ணை மாநில எல்லை தாண்டி அழைத்து வந்ததற்காக அறுபதுகளில் சிறை சென்றதையும், தன் உணவகத்தின் பெண்கள் கழிப்பறையில் கேமரா வைத்ததாகப் பெண்கள் போட்ட வழக்கையும் ஒதுக்கிவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனசில்லை. இரண்டும் ஒரே மனிதர்தான்.

அந்த இரவுக்கு வருகிறேன். 'ஜானி பி. குட்'. 1977ல் வாயேஜர் விண்கலத்தில் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டில் பதித்து அனுப்பிய பாட்டு. முதலில் 'கறுப்பினப் பையன்' என்று எழுதி, ரேடியோவில் போடமாட்டார்கள் என்று 'நாட்டுப்புறப் பையன்' என மாற்றிய பாட்டு. தொடக்கத்தில் வரும் அந்தக் கிட்டார் இழைப்பு பிசகியது. நிறுத்தினார். குனிந்து இடதுகை விரல்களைப் பார்த்தார். அத்தனை பேரில் ஒருவரும் சத்தம் போடவில்லை. மறுபடி தொடங்கினார், இந்த முறை சரியாக வந்தது.