மூக்குத்தூள் சிந்தாமல் எடுக்கும் வழி: பேணி, சரை, போத்தல், தட்டுப்பெட்டி (அனுபவப் பகிர்வு)

கோண்டாவில்

மூக்குத்தூள் (மூக்கால் உறிஞ்சும் புகையிலைத் தூள்) போடுகிறவரைச் சேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது ஊர்ப்பேச்சு. சேட்டில் கிடக்கிற அந்தத் தூளில் பெரும்பகுதி மூக்குவரை போகவே இல்லை. மூடியைத் திறக்கும்போது ஒரு பங்கு கொட்டுகிறது, கிள்ளிக்கொண்டு போகிற வழியில் இன்னொரு பங்கு கொட்டுகிறது. ஆகவே எந்தப் பாத்திரம், அதற்கு எந்தத் தூள், அதை எப்படித் திறப்பது என்று அவரவர் கைப்பழக்கத்தை உங்கள் ஊர்ப் பெயரோடு இங்கே எழுதுங்கோ. நான் தகரப் பேணியில் தொடங்குகிறேன்.

பிணைச்சல் வைத்த தட்டைப் பேணி என்றால் திறக்குமுன் மட்டமாகப் பிடித்து, சுட்டுவிரல் மொளியால் மூடியில் இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டும். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிற தூள் கீழே இறங்கும். தட்டும்போது பிணைச்சல் பக்கத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தால் தூள் முன்பக்கம் சேரும். பொக்கற்றுக்குள் கசிவது எப்போதும் பிணைச்சலில் அகப்பட்ட தூள்தான். பேணியை வாய்முட்ட நிரப்பவும் கூடாது, மூன்றில் இரண்டு பங்கு போதும். அதற்கு மேல் போனால் மூடியின் விளிம்பு தூளுக்குள் இறங்கி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு கோடு தூளை வெளியே தள்ளும்.

அழுத்திப் பூட்டுகிற வட்டப் பேணியில் சங்கடம் வேறு. மூடி இறுக்கமாக இருக்கும், பலத்துடன் இழுத்தால் கை உதறி மேலாக உள்ள மெல்லிய தூள் கிளம்பும். ஒரு நாணயத்தின் விளிம்பை இடுக்கில் வைத்துத் திருகினால் மூடி ஒரு பக்கமாக மெல்லக் கிளம்பும். மூடும்போதும் அப்படித்தான். முழு மூடியையும் ஒரே அழுத்தாக அழுத்தினால் உள்ளே இருந்த காற்று தூளையும் கூட்டிக்கொண்டு விளிம்பால் வெளியேறும். ஒரு பக்கத்தை முதலில் பதித்து, மற்றப் பக்கத்தைப் பிறகு இறக்குங்கோ.

விரல் இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு நாசிக்கு ஒரு பயறளவு போதும். கிள்ளிய கையோடு பேணிக்கு மேலேயே விரல்களை ஒருமுறை மெதுவாக உரசி மிகுதியை உள்ளே விழவிட்டு, பேணியையும் கையோடு சேர்த்துத் தாடை உயரத்துக்குக் கொண்டுபோனால் இடையில் விழுவது பேணிக்குள்ளேயே விழும்.

பருத்தித்துறை

அண்ணை சொன்னதோடை காத்தையும் சேருங்கோ. வைகாசியிலையிருந்து சோளகம் வீசுற காலத்திலை எங்கடை கரையிலை பேணியைத் திறந்தால் முதல்கிள்ளு கண்ணுக்குத்தான் போகும். முதுகைக் காத்துக்குக் காட்டி, பேணியை நெஞ்சோடை அணைச்சு, மூடியைக் காத்து வாற பக்கம் மறைப்பா நிமித்தி வைச்சுத் திறக்க வேணும். பஸ்ஸிலை யன்னல் கரை இருக்கை எண்டால் தரிப்பிடத்திலை நிக்கேக்கை மட்டும் எடுங்கோ. குறிகட்டுவானிலையிருந்து நெடுந்தீவுக்குப் போற படகிலை திறக்கவே வேண்டாம். காத்தோடை ஈரமும் சேர்ந்து அடிக்கும், பேணிக்குள்ளை உப்புத்தண்ணி ஒரு துளி விழுந்தாலும் சுத்திவர உள்ள தூள் கட்டிபட்டுப் போகும்.

கண்ணிலை பட்டால் கசக்கக் கூடாது. திறந்த கண்ணிலை நல்ல தண்ணியை ஊத்திக் கழுவுங்கோ. எரிவு நிக்காட்டி டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

சாவகச்சேரி

பேணியைத் தாடைவரை கொண்டுபோகச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. மூக்கில் வைத்தவுடன் வருகிற வெளிமூச்சு திறந்த பேணிக்குள் போகும். மூச்சிலே ஈரம் இருக்கிறது. புதிதாகப் போடுகிறவர்களுக்குத் தும்மலும் உடனே வரும். கிள்ளி, மிகுதியை உதிர்த்து, பேணியை மூடிய பிறகுதான் கையை உயர்த்த வேண்டும். விரலில் பயறளவுக்கு மேல் எடுக்காவிட்டால் வழியில் விழ ஒன்றும் இராது.

இந்தியாவிலிருந்து தூள் பொதிந்து வருகிற வாழைச்சருகு மட்டையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தூளின் மணத்தையும் பதத்தையும் காக்க அது நல்லது என்பார்கள். ஆனால் வெயில் காலத்தில் சருகு காய்ந்து மடிப்பிலே வெடிக்கும், வெடித்த இடத்தால் தூள் கசியும். திறப்பதற்குச் சற்று முன்னர், பிழிந்த ஈரத்துணியால் வெளிப்புற மடிப்புகளை மட்டும் ஒருமுறை துடைத்து விடுங்கள். ஐந்து நிமிடத்தில் சருகு இளகும். பிறகு மட்டையை நிமிர்த்திப் பிடித்து அடிப்பகுதியை உள்ளங்கையில் தட்டினால் தூள் வயிற்றுப் பகுதிக்கு இறங்கும். மேல் மடிப்பில் ஒரு மூலையை மட்டும் விரித்து, இரண்டு பக்கத்தையும் மெல்ல அமுக்கினால் அந்த மூலை ஓடை போல வரும். முழுவதையும் விரித்தவர்கள் திரும்ப மடிக்கவே முடியாது.

கடைச் சரையில் வருகிற சில்லறைத் தூளை அதிலேயே வைத்திருக்கக் கூடாது. கடதாசி ஈரத்தை உறிஞ்சும், மூலையால் ஒழுகும். வீட்டுக்கு வந்தவுடன் மாற்றுங்கள். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் நடுவில் போத்தலையோ பேணியையோ வைத்து, நடுவே மடித்த தடித்த அட்டை ஒன்றை ஓடையாகப் பிடித்து அதன்மேல் சரையைச் சாய்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தாளில் விழுந்ததை அதே தாளை மடித்து உள்ளே சேர்க்கலாம்.

மானிப்பாய்

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கொண்டுவந்து தருகிற சின்னப் பிளாஸ்ரிக் தட்டுப்பெட்டி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஜேர்மனியில் பொஷ்ல் நிறுவனம் செய்கிற கிளெற்சர்ப்ரீசே போன்ற மெந்தோல் தூள்கள் அப்படித்தான் வருகின்றன, ஒரு பெட்டி 10 கிராம். மேலே சின்னத் துளை, அதை மறைக்க நகர்த்தும் மூடி. விரலால் கிள்ளுவதற்காகச் செய்த பெட்டியல்ல அது. பலர் மூடியைக் கழற்றிக் கிள்ளுகிறார்கள், பிறகு மூடி சரியாகப் பதியாமல் பைக்குள் கொட்டுகிறது.

சரியான முறை இது. இடது கைப் பெருவிரலை மேலே நன்றாக நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டுக்குக் கிட்ட, இரண்டு நரம்புக்கு நடுவே ஒரு குழி விழும். தூளை இடுவது அங்கேதான். துளை மூடியிருக்கும்போதே பெட்டியின் அடியை ஒருமுறை தட்டித் தூளைத் துளையிலிருந்து விலக்குங்கள். பிறகு துளையைத் திறந்து, குழிக்கு ஒரு விரற்கடை உயரத்தில் பெட்டியைச் சாய்த்து, சுட்டுவிரலால் பக்கத்தில் தட்டுங்கள். இரண்டு தட்டுக்கு ஒரு நாசிக்குரிய அளவு வரும். முழுவதும் கவிழ்த்துக் குலுக்கினால் முதலில் ஒன்றும் வராது, பின்னர் ஒரேயடியாக மலை போல விழும். துளையின் வாயில் தூள் வளைவு கட்டி நிற்பதும், குலுக்கலில் அந்த வளைவு திடீரென்று உடைவதும்தான் காரணம்.

கையை மூக்குக்குக் கொண்டுபோவதை விட மூக்கைக் கைக்குக் குனிவது நல்லது. முழங்கையை மேசையிலோ நெஞ்சிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். குறுகலாக, மெதுவாக உறிஞ்ச வேண்டும், பூவை மணப்பது போல. பலமாக இழுத்தால் தூள் தொண்டைக்கு இறங்கி இருமல் வரும், அந்த இருமலில் குழியில் மிச்சம் இருந்ததும் பறக்கும்.

துளை அடைத்தால் குண்டூசியால் குத்துங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் போய் அடைப்பு இன்னும் இறுகும். வெயில் காலத்தில் மெல்லிய தூள் பிளாஸ்ரிக்கின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்பது நிலைமின்னால். பெட்டியை உள்ளங்கைக்குள் சற்று நேரம் பொத்தி வைத்துவிட்டுத் தட்டினால் பெரும்பாலும் இறங்கும்.

பவேரியாப் பக்கத்து ஷ்மால்ஸ்லர் என்ற கறுத்த, பருக்கையான தூள் கிடைத்தால் அதைத் துளைப்பெட்டியில் போடவே வேண்டாம். கொழுப்போ எண்ணெயோ சேர்த்த ஈரத்தூள் அது. அகன்ற வாய்ப் பேணியே அதற்குப் பொருந்தும். ஈரமாக இருப்பதால் சிந்துவதும் குறைவு. புதிதாகக் கைப்பழக்கம் எடுப்பவருக்கு மெல்லிய உலர்ந்த தூளைவிட அது நல்லது.

துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் திருகுவாய் வைத்த குப்பியும் சிலர் கொண்டுவருகிறார்கள். கவிழ்த்துத் தட்டி, திருகி, நிமிர்த்தி, நேரே மூக்கில் வைப்பது. சிந்தாது என்பது உண்மை. ஆனால் தூள் ஒரேயடியாக ஆழத்துக்குப் போகிறது, மூச்சின் ஈரம் திருகுவாய்க்குள் இறங்கிக் கட்டிபடுகிறது. என் கணிப்பில் நன்மையைவிடத் தொல்லை கூட. பெயர்ச்சீட்டு இல்லாத அந்தக் குப்பியைச் சோதனையில் கண்டால் உள்ளே இருப்பது புகையிலைத் தூள் என்று விளக்கவும் நேரம் போகும், தூள் வந்த பேணியையும் கூடக் கொண்டு போங்கள்.

நல்லூர்

பழைய சிமிழ்கள் பற்றி. பித்தளை, செம்புச் சிமிழில் தூளை நாட்கணக்கில் வைக்காதீர்கள். பல தூள்களில் கார உப்போ சுண்ணாம்போ சேர்கிறது, ஈரம் பட்டால் உட்புறத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஐரோப்பாவில் வெள்ளிப் பெட்டிகளின் உட்புறத்துக்குப் பொன்முலாம் பூசியது அழகுக்கு மட்டுமல்ல. ஸ்கொட்லாந்தின் லோரன்ஸ்கேர்க் ஊரில் மரப்பெட்டி செய்தவர்கள் பிணைச்சலையே பெட்டியின் மரத்திலிருந்து செதுக்கி எடுத்தார்கள், தூள் கசிகிற இடம் எது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பித்தளைச் சிமிழ்தான் வேண்டும் என்றால் ஒரு நாளுக்குரிய தூளை மட்டும் அதில் வைத்து, இரவில் துடைத்து விடுங்கள்.

கண்ணாடிப் போத்தல் இந்தப் பகுதிக்கு மிகப் பொருத்தம். சிங் வமிச காலத்துச் சீனர்கள் தூளுக்குப் பெட்டியை விட்டுவிட்டுப் போத்தலை எடுத்தது ஈரக்காற்றுக்கு அஞ்சித்தான். சின்ன வாய், இறுகிய தக்கை, தக்கையிலேயே பொருத்திய நீண்ட சிறு கரண்டி. நமக்கு மருந்துப் போத்தல் ஒன்று போதும். கழுவி ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், துளி ஈரம் இருந்தாலும் அடியில் தூள் கட்டியாகும். தைலம் இருந்த போத்தல் என்றால் மூடியின் உள்வட்டத்தை மாற்றுங்கள், மணம் போத்தலில் தங்குவதைவிட அதில்தான் தங்கும்.

கரண்டியை மூக்கில் வைக்காதீர்கள். எடுத்த கரண்டியைப் போத்தல் வாயின் உள்விளிம்பில் ஒருமுறை தட்டி, குவியலாக நிற்பதை உதிர்த்து, மானிப்பாய் ஐயா சொன்ன கைக்குழியில் கவிழ்த்து, பிறகு போத்தலை மூடுங்கள். மூக்கில் பட்ட கரண்டி ஈரத்தோடு உள்ளே போனால் இரண்டு நாளில் முழுப்போத்தலும் பருக்கை பருக்கையாகிவிடும்.

உரும்பிராய்

கை நடுங்குற வயசாளிகளுக்கு உந்தத் தட்டுப்பெட்டி, கைக்குழி ஒண்டும் சரிவராது. அகண்ட வாய்க் கண்ணாடிச் சாடியிலை ஒரு கிழமைக்குரிய தூளை மட்டும் போட்டு, அதைக் கனமான மண்சட்டிக்குள்ளை இறக்கி வையுங்கோ. சாடி சரியாது, விழுற தூளும் சட்டிக்குள்ளை நிக்கும். திருகு மூடி வேண்டாம், அதைத் திருகேக்கைதான் கூடக் கொட்டுப்படும். மேலை தூக்கி வைக்கிற மூடியா இருக்கட்டும். மடியிலை ஒரு கடுநிறத் துவாயை விரிச்சுவிட்டால் பிறகு வெளியிலை கொண்டுபோய் உதறலாம். கண்பார்வை குறைஞ்சவைக்குச் சாடியின்ரை கழுத்திலை ஒரு இறப்பர் பட்டியைச் சுத்திவிடுங்கோ, தடவிப் பார்த்தே அதுதான் எண்டு தெரியும். மிளகுத்தூள், கோப்பித்தூள் நிக்கிற தட்டிலை வைக்கவே கூடாது. சின்னப்பிள்ளையள் வாயிலை போட்டால் நிக்கொட்டின் நஞ்சு, உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேணும்.

சுன்னாகம்

காய்ந்துபோன தூளுக்கு நேரே தண்ணீர் தெளிக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு போத்தல் மூடிக்குள் பஞ்சு வைத்து நாலைந்து துளி தண்ணீர் விட்டு, அதையும் திறந்த தூள் பேணியையும் ஒரு பெரிய டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். மூன்று நாலு மணி நேரத்தில் பார்த்தால் போதும். கிள்ளும்போது விரலில் சேர்ந்து நின்று, உரசினால் உதிர வேண்டும். தூசாகப் பறந்தால் இன்னும் காய்ந்திருக்கிறது, உருண்டையானால் ஈரம் கூடிவிட்டது. ஈரம் கூடிய வாடைக் காலத்தில் நேர்மாறான வேலை: கைப்பேணியில் இரண்டு நாளுக்குரியதை மட்டும் வைத்து, மீதியைத் தக்கைப் போத்தலில் அடைத்துவிடுங்கள்.

மூக்கில் இரத்தம் கசிந்தாலோ பொருக்குப் பிடித்தாலோ ஆறும்வரை நிறுத்த வேண்டும். புகையில்லாப் புகையிலையும் புற்றுநோய் தருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. ஆகவே போடாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கவும் கூடாது.

கோண்டாவில்

சாவகச்சேரி சொன்னது சரி, மூடிய பிறகு கையை உயர்த்துவதே நல்லது.

கறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேட்டியில் தூள் விழுந்தால் கையால் தட்டித் தேய்க்காதீர்கள், நூலுக்குள் இறங்கிவிடும். துணியை அடிப்பக்கத்திலிருந்து சுண்டிவிட்டு, மிச்சத்தை உலர்ந்த மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் துணியின் மறுபக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர். தூள் இருக்கும்போதே நனைத்தால் தேயிலைச் சாயம் போல மண்ணிறம் பரவும். மூக்குத் துடைக்கிற லேஞ்சி வேறு, விரல் துடைக்கிற லேஞ்சி வேறாக இருக்கட்டும். இரண்டும் பருத்தியில், கடுநிறத்தில் இருந்தால் நல்லது. விரல் லேஞ்சியை எப்போதும் உலர்ந்ததாக வைத்திருங்கள், அடுத்த கிள்ளுக்கு அந்த விரல்தான் பேணிக்குள் போகப்போகிறது.