பூட்டுப் போட்ட பழைய பாட்டுக் கோப்புகள்: எப்படி மீட்பது, இனி எதை வாங்குவது?

பாட்டுப்பெட்டி கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் இருந்த உறவினரின் பழைய கணினியிலிருந்து பாட்டுகளை எடுத்து வைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எல்லாம் 2004 முதல் 2008 வரை காசு கொடுத்து வாங்கியவை. எம்4பி (ஆப்பிள் வகை) கோப்புகள் 400 இருக்கும், டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாப்ட் வகை) கோப்புகள் 150 இருக்கும். பென்டிரைவில் போட்டு காரில் செருகினால் ஓடவில்லை, ஆண்ட்ராய்டு ஃபோனிலும் திறக்கவில்லை. வேறு கருவியில் ஓடாதபடி விற்றபோதே டிஆர்எம் என்ற பூட்டைப் போட்டிருக்கிறார்களாம். நேர்வழியில் இவற்றை எப்படி மீட்பது? பூட்டை உடைக்கும் மென்பொருளைப் போட்டால் சட்டப்படி தப்பா? இந்தப் பூட்டைக் கேட்டது யார், கணினி நிறுவனங்களா, இசை நிறுவனங்களா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

கம்பிச்சுருள் எழுதியது:

முதல் வேலை, அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்கில் அப்படியே நகல் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றது.

எம்4பி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்குகிற பாட்டுக்கும் அதே பின்னொட்டுதான். எனவே முதலில் பிரிக்க வேண்டும். விண்டோஸில் ஐடியூன்ஸ், மேக்கில் மியூசிக் செயலி, ஆப்பிளின் இந்த மென்பொருளில் திறங்கள். பாட்டுப் பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ‘கைண்ட்’ என்ற பத்தியை வரவழைத்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். ‘ப்ரொடெக்டட் ஏஏசி’ என்று இருப்பவை பூட்டியவை (ஏஏசி என்பது எம்பி3 போலச் சுருக்கிய ஒலி வடிவம்). ‘பர்ச்சேஸ்டு ஏஏசி’ பூட்டில்லாதவை, நகல் எடுத்து எங்கே வேண்டுமானாலும் போடலாம். ‘ஆப்பிள் மியூசிக் ஏஏசி’ என்று இருந்தால் அது சந்தா நிற்கும்வரைதான். அதைத் தனியே ஒதுக்குங்கள்.

பூட்டியவற்றை இயக்க, வாங்கியபோது இருந்த அதே ஆப்பிள் ஐடியும் கடவுச்சொல்லும் வேண்டும். ‘அக்கவுண்ட்’ மெனுவில் ‘ஆதரைசேஷன்ஸ்’ போய் இந்தக் கணினியைப் பதிவு செய்யுங்கள். ஒரு கணக்குக்கு 5 கணினிதான். தூக்கிப் போட்ட லேப்டாப்புகள் ஐந்து இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தால், கணக்குப் பக்கத்தில் ‘எல்லாவற்றையும் விலக்கு’ என்ற பொத்தான் இருக்கும். அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் அழுத்தலாம். அவசரப்பட்டு வீணாக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு இரண்டு வழி.

காசு செலவாகிற வழி ஐடியூன்ஸ் மேட்ச் என்ற ஆப்பிள் சந்தா. அமெரிக்கக் கணக்கில் ஆண்டுக்கு 24.99 டாலர். பாட்டை ஆப்பிளின் கிடங்கோடு ஒப்பிட்டு, பொருந்தியவற்றை 256 கேபிபிஎஸ் ஏஏசியாக, பூட்டில்லாமல் தரும். பொருந்தியதும் கணினியில் இருக்கும் பழைய பிரதியை மட்டும் நீக்கி, மேகக் குறியை அழுத்தி மறுபடி இறக்குங்கள். நீக்கும்போது ‘கிளவுடிலிருந்தும் நீக்கவா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ சொல்லுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இறக்கிய கோப்பு சந்தா முடிந்த பிறகும் உங்களிடமே இருக்கும். 2003இல் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது விற்றது 128 கேபிபிஎஸ், ஆகவே தரமும் ஒரு படி ஏறும். ஒப்பிடும் நேரத்தில் அந்தக் கணினி பதிவு பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய பாட்டைச் சேர்த்துக்கொள்ளாது.

காசில்லாத வழி ஆடியோ சிடி. பாட்டை வட்டில் எழுதி (இதைத்தான் ‘எரிப்பது’ என்கிறார்கள்), அதைத் திரும்பக் கணினியில் படித்தால் பூட்டில்லாத கோப்பு கிடைக்கும். இது பூட்டை உடைப்பது ஆகாது, அந்த மென்பொருளே கொடுத்த அனுமதி. பூட்டிய பாட்டு உள்ள ஒரே பட்டியலை 7 தடவைவரை எரிக்கலாம். 400 பாட்டு, சராசரி 4 நிமிடம் என்றால் 1600 நிமிடம். 80 நிமிட வட்டுக்கு 20 பட்டியல் பிரித்துக்கொள்ளுங்கள். 20 வட்டு வாங்க வேண்டாம், அழித்து எழுதக்கூடிய ஒரே சிடி-ஆர்டபிள்யூ வாங்கி எரிப்பது, படிப்பது, அழிப்பது என்று சுற்றலாம். எரிக்கும் பெட்டியில் வகை ‘ஆடியோ சிடி’ என்று இருக்கட்டும், பாட்டுக்கு நடுவே இடைவெளி ‘நன்’ (ஒன்றுமில்லை), ‘சவுண்ட் செக்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒலி அளவை மாற்றியே எழுதும்.

திரும்பப் படிக்கும்போது ஏஏசியாகவோ எம்பி3ஆகவோ மாற்றாதீர்கள். ஒருமுறை சுருக்கி இழந்ததை மறுபடி சுருக்கினால் இன்னும் இழக்கும், தாளத்தட்டுகளில் சலசலப்பு கேட்கும். ‘இம்போர்ட் செட்டிங்ஸ்’ போய் ஆப்பிள் லாஸ்லெஸ் (தரம் இழக்காத வடிவம்) வையுங்கள், பிழை திருத்தும் டிக்கையும் போடுங்கள். போன தரம் திரும்பி வராது, மேற்கொண்டு போகாமல் நிற்கும், அவ்வளவுதான். பாட்டின் பெயர், பாடகர் பெயர் எதுவும் ஆடியோ சிடியில் ஒழுங்காகப் பயணிக்காது. எரிக்கும் முன் ஒவ்வொரு பட்டியலையும் ‘எக்ஸ்போர்ட் பிளேலிஸ்ட்’ கொடுத்து டெக்ஸ்ட் கோப்பாக வைத்துக்கொண்டால் பிறகு பெயர் இடுவது சுலபம்.

ஒன்று கவனம். பூட்டில்லாத ஐடியூன்ஸ் கோப்புக்குள்ளும் வாங்கியவரின் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே நாலு பேருக்கு அனுப்பாதீர்கள்.

பழுதுபார்ப்போன் எழுதியது:

டபிள்யூஎம்ஏ சமாச்சாரம் இதைவிடக் கஷ்டம்ங்க. எம்4பிக்கு ஆப்பிள் சர்வர் இன்னும் உயிரோட இருக்கு. இதுக்குப் பதில் சொல்ற சர்வர் எல்லாம் எப்பவோ போயாச்சு.

அந்த வகைல பாட்டு வேற, அதை ஓட்ட அனுமதி தர்ற லைசன்ஸ் வேற. லைசன்ஸ் விண்டோஸுக்குள்ள ஒரு மறைவான இடத்துல, அந்தக் கணினியோட ஹார்டுவேரோட சேர்த்துக் கட்டியிருக்கும். கோப்பை மட்டும் வேற கணினிக்கு எடுத்துட்டுப் போனா, அது புது லைசன்ஸ் கேட்டு விற்ற கடையோட சர்வரைத் தேடும். மைக்ரோசாப்டோட எம்எஸ்என் மியூசிக் கடை 2008 ஆகஸ்ட் 31ஓட லைசன்ஸ் கொடுக்கிறத நிறுத்துறோம்னு அந்த வருஷம் ஏப்ரல்ல அறிவிச்சது. எதிர்ப்பு கிளம்பினதும் 2011 கடைசிவரை நீட்டினாங்க. யாஹூ மியூசிக் 2008 செப்டம்பர் 30ல சர்வரை மூடிச்சு.

அதனால அந்தப் பழைய கணினில பாட்டு இன்னும் ஓடுதான்னு முதல்ல பாருங்க. ஓடினா, ஃபார்மேட் பண்ணாதீங்க, விண்டோஸை மறுபடி நிறுவாதீங்க, மதர்போர்டை மாத்தாதீங்க. டிஸ்கை குளோன் பண்ணி வேற கணினில மாட்டினாலும் லைசன்ஸ் ஒத்துக்காது. அங்கேயே விண்டோஸ் மீடியா பிளேயர்ல பாட்டோட ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து ‘மீடியா யூசேஜ் ரைட்ஸ்’ பாருங்க. சிடி எரிக்க எத்தனை தடவை பாக்கி இருக்குன்னு எழுதியிருக்கும். பாக்கி இருந்தா அதே கணினில எரிச்சு, மேல கம்பிச்சுருள் சொன்ன மாதிரி லாஸ்லெஸ்ஸா படிச்சிடுங்க. 2024 செப்டம்பர்ல மைக்ரோசாப்ட் இந்தப் பழைய டிஆர்எம் சேவைகளையே கைவிடும் பட்டியல்ல சேர்த்துடுச்சு, தள்ளிப்போடாதீங்க.

அந்தக் கணினிலயே ஓடலைன்னா, சட்டத்துக்கு உட்பட்ட வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. அந்தப் பாட்டை மறுபடி வாங்கத்தான் வேணும். காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு இது பெரிய அநியாயம். ஒரு கடை மூடினா அங்க வாங்கின குடம் உடைஞ்சு போகுமா?

இதுக்கு நேரெதிரான உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரில ஃபிளைட்னு எம்பி3 கடை திறந்து, 2013 ஜூன்ல மூடிச்சு. விற்றது பூட்டில்லாத எம்பி3. இறக்கி வெச்சவங்க கிட்ட அது இன்னிக்கும் ஓடும்.

வாதி எழுதியது:

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில்.

அமெரிக்காவில் 1998இன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 1201. நீங்கள் வாங்கிய பாட்டாகவே இருந்தாலும், பூட்டைத் தாண்டுவதே அங்கே தனிச் சட்டமீறல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குகள் அறிவிப்பார்கள். வாங்கியதைச் சொந்த உபயோகத்துக்கு வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதி கேட்டு மனுக்கள் போனதுண்டு, ஏற்கவில்லை.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் இங்கே ஒரு முக்கியமான சொல் இருக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டினால்தான் குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகத் தாண்டுவதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளல் பிரிவு 52இல் அனுமதிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாங்கிய பாட்டைத் தன் காரில் கேட்க மாற்றுகிறவர் பக்கம் இந்தியச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கருணையாகவே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இன்னொருவருக்கு இதைச் செய்து கொடுப்பவர், அவருடைய பெயர், முகவரி, எதற்காகச் செய்தது என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே கேட்கிறது. தெருமுனைக் கணினிக் கடையில் டிஸ்கைக் கொடுத்து ‘உடைத்துக் கொடு’ என்பது சரிப்படாது.

உங்கள் நிலையில் சிடி வழியே போதும். சட்டப் பேச்சுக்கே இடமில்லை.

கறுப்புவட்டு எழுதியது:

யார் கேட்டது என்றால், கேட்டது இசை நிறுவனங்கள். அதனால் ஆதாயம் கண்டது ஆப்பிள். இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வது நியாயமில்லை.

2007 பிப்ரவரி 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடலில் கணக்கே இருக்கிறது. 2006 கடைசிவரை 9 கோடி ஐபாடும் 200 கோடி பாட்டும் விற்றிருந்தன. ஒரு ஐபாடுக்குச் சராசரி 22 பாட்டு. ஐபாடில் இருக்கும் பாட்டில் 3 சதவீதத்துக்கும் குறைவே பூட்டியது. அதே 2006இல் இசை நிறுவனங்கள் பூட்டே இல்லாத சிடியில் 2000 கோடிக்கும் மேல் பாட்டு விற்றன. வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டுப் போட்ட கதைதான்.

ஆனால் அந்தப் பூட்டின் சாவியை ஆப்பிள் போட்டி நிறுவனங்களின் பிளேயர்களுக்குக் கொடுக்கவில்லை. ஐடியூன்ஸில் நூறு பாட்டு வாங்கியவர் அடுத்த பிளேயரும் ஐபாடாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. மைக்ரோசாப்ட் செய்தது இன்னும் மோசம். ‘ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்’ என்று முத்திரை குத்திப் பல நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, 2006 நவம்பரில் தானே கொண்டுவந்த ஸூன் பிளேயரில் அந்த முத்திரைப் பாட்டுகளை ஓடவிடவில்லை. கடைசியில் இசை நிறுவனங்களுக்கே ஆப்பிளின் பிடி உறைத்தது. ஈஎம்ஐ என்ற இசை நிறுவனம் 2007 மே மாதம் பூட்டை எடுத்தது, செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடை திறந்தது, 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் முழுவதும் பூட்டை எடுக்கும் அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர் மேல் இரக்கப்பட்டு அல்ல, ஒரே கடையை நம்பியிருக்க இசை நிறுவனங்கள் அஞ்சியதால்தான் பூட்டு போனது என்பது என் கருத்து.

இந்தத் தலைமுறை மறக்கக் கூடாதது 2005இல் சோனி பிஎம்ஜி இசை நிறுவனத்தின் சிடிகளில் நடந்தது. விண்டோஸ் கணினியில் வட்டைப் போட்டால் எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு மென்பொருள் இறங்கி, ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் பெயர் ஆரம்பிக்கும் எந்தக் கோப்பையும் கண்ணில் படாமல் மறைத்தது. அந்த வருடம் அக்டோபர் 31 அன்று விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் அதை அம்பலப்படுத்தினார். சில நாளிலேயே வைரஸ் எழுதுகிறவர்கள் அதே பெயரை வைத்துத் தங்கள் கோப்புகளையும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒளித்தார்கள். கையால் அழித்தால் சிடி டிரைவே காணாமல் போகும். நிறுவனம் கொடுத்த நீக்கும் கருவி இன்னொரு ஓட்டையைத் திறந்தது. காசு கொடுத்து சிடி வாங்கியவர் கணினி பாழாக, திருட்டு எம்பி3 இறக்கியவருக்கு ஒரு கீறலும் இல்லை. இதைவிடப் பெரிய அவமதிப்பு வாங்குபவருக்கு வேறென்ன?

அந்தக் காலத்துப் பழைய சிடிகளும் உங்களிடம் இருந்தால், விண்டோஸில் ஆட்டோரன் (வட்டு தானாக இயங்கும் வசதி) அணைத்த பிறகே போடுங்கள். லினக்ஸில் படித்தால் அந்தப் பயம் இல்லை.

பாட்டுப்பெட்டி கேட்டது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழைய கணினியில் டபிள்யூஎம்ஏ ஓடுகிறது, எரிக்கும் தடவையும் பாக்கி இருக்கிறது. அந்தக் கணினியை யாரையும் தொடவிடவில்லை. கடைசியாக ஒன்று. இனிமேல் சந்தா கட்டுவதா, வாங்குவதா? கலைஞருக்கு எதில் காசு போகும்?

கம்பிச்சுருள் எழுதியது:

சந்தா வாடகை என்று தெரிந்து கட்டினால் தப்பில்லை. ஸ்பாட்டிஃபையில் 5 கருவியில், ஒவ்வொன்றிலும் 10,000 பாட்டுவரை இறக்கி வைக்கலாம், ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். இறக்கியது பூட்டிய கோப்பு, செயலிக்கு வெளியே ஓடாது. காசு விஷயத்தில், 2024 முதல் அங்கே 12 மாதத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைப் பணம் கிடையாது. சின்னக் கலைஞரை இது நேரடியாக அடிக்கிறது, எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

தேடிப்பிடித்துக் கேட்கும் கலைஞர் பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் இருந்தால் அங்கே வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் கடையின் பங்கு 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் தனி, மீதி அவர்களுக்கு. ஃப்ளாக் (தரம் இழக்காத வடிவம்), எம்பி3 எது வேண்டுமோ எடுக்கலாம், பூட்டு இல்லை. வாங்கிய அன்றே இறக்கி வையுங்கள். கணக்கில் இருக்கிறதே என்று விட்டால் மறுபடி கடையை நம்புவதாகிவிடும். இடத்துக்குப் பயப்பட வேண்டாம். 4 நிமிடப் பாட்டு 256 கேபிபிஎஸ்ஸில் 8 எம்பிக்குள், ஃப்ளாக்கில் 25 முதல் 30 எம்பி.

பழுதுபார்ப்போன் எழுதியது:

காருக்குன்னு தனிப் பென்டிரைவ் போடுங்க. எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணுங்க, பழைய ஸ்டீரியோ என்டிஎஃப்எஸ் படிக்காது. ஆப்பிள் லாஸ்லெஸ்ஸும் பல கார்ல ஓடாது, அதனால லாஸ்லெஸ் பிரதிய டிஸ்க்ல பத்திரமா வெச்சுக்கிட்டு, அதிலிருந்து காருக்கு மட்டும் 256ல எம்பி3 எடுங்க. தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமா வந்தா, டேக்கை (கோப்புக்குள்ள பாட்டுப் பெயர் எழுதியிருக்கிற இடம்) ஐடி3 பதிப்பு 2.3ல, யூடிஎஃப்-16ஆ சேமிச்சுப் பாருங்க. அப்பவும் கட்டமாவே வந்தா அந்த ஸ்டீரியோல தமிழ் எழுத்துருவே இல்ல, கார் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்துல பெயர் வெச்சுடுங்க.