பொருளாதாரத் தடை வந்தால் எண்ணெய்க் கம்பெனியின் புகை குறையுமா, கூடுமா?

செந்தில்_எம்பிஏ:
தடை விதிக்கப்பட்ட நாடுகளில் எண்ணெய், எரிவாயு கம்பெனிகளின் சுற்றுச்சூழல் திட்டங்கள் என்ன ஆகின்றன என்று செமினாருக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். விற்பனை குறைந்தால் உற்பத்தி குறையும், புகையும் குறையும் என்பது என் கணக்கு. கூடப் படிப்பவன் தலைகீழாகச் சொல்கிறான். ஈரானை எடுக்கலாமா?

கடலோடி:
உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி தம்பி. நான் கப்பலில் இஞ்சின் ரூமில் இருந்தவன், அதனால் மசூத்திலிருந்தே தொடங்குகிறேன். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவது அது. ஆறினால் தார் மாதிரி ஆகிவிடும், நீராவியால் சூடாக்கினால்தான் பம்ப் இழுக்கும், கந்தகமும் ஏகத்துக்கு இருக்கும். 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளுக்கான கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கினார்கள். அமெரிக்கத் தடையால் ஏற்கனவே ஈரான் சரக்கை வாங்க ஆள் குறைவு, இப்போது கப்பல்காரனுக்கும் வேண்டாம். சுத்திகரிப்பு ஆலையை நிறுத்தலாம் என்றால் ஊருக்குப் பெட்ரோல் வேண்டுமே! தொட்டி நிறைந்தால் மின்நிலையக் கொதிகலனில்தான் போய் விழும்.

வேதியியல்_வாத்தியார்:
கடலோடி சார் சொன்னது பாதிதான். எல்லாவற்றையும் தடையின் தலையில் கட்டாதீர்கள். ஈரானில் வீட்டு எரிவாயு கிட்டத்தட்ட ஓசி மாதிரி, குளிர்காலத்தில் வீடுகளுக்கே முதலில் கொடுப்பார்கள், மின்நிலையத்துக்கு வாயு வராது, அப்போதுதான் மசூத். 2024 நவம்பரில் அராக், இஸ்ஃபஹான், கரஜ் மின்நிலையங்களில் மசூத் எரிப்பதை அரசே நிறுத்தியது, அதையொட்டியே ஊர் ஊராக முறைவைத்து மின்வெட்டு. அப்புறம், எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைச் சும்மா கொளுத்துவதில் 2023 உலக வங்கிப் பட்டியலில் ரஷ்யா முதலிடம், ஈரான் இரண்டாமிடம், சரி. மூன்றாவது ஈராக், நான்காவது அமெரிக்கா! அமெரிக்காவுக்கு யார் தடை போட்டது?

கடலோடி:
அது நியாயமான கேள்வி வாத்தியாரே. ஆனால் அமெரிக்காவில் கொளுத்துபவனுக்கு வேறு வழி இருக்கிறது, அவன் போகவில்லை, அவ்வளவுதான். ஈரான்காரன் அந்த வாயுவைப் பிடித்துக் குழாயில் தள்ள நினைத்தாலும் கம்ப்ரசர் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், வெளிநாட்டுக் கடன் வேண்டும். ஈரானின் பெரிய வாயு வயலான தென் பார்ஸின் 11-ஆம் கட்டத்துக்கு பிரெஞ்சுக் கம்பெனி டோட்டல் 2017-இல் கையெழுத்துப் போட்டது, அமெரிக்கா மறுபடி தடை போட்டதும் 2018-இல் கிளம்பிவிட்டது.

செந்தில்_எம்பிஏ:
அப்போ ரஷ்யாவிலும் இதே கதைதானா?

காற்றாடி_77:
அங்கே காற்றாலையைப் பாருங்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு காற்றாலை செய்யும் டென்மார்க் கம்பெனி வெஸ்டாஸ் வெளியேறியது, இத்தாலிய மின் கம்பெனி எனெல் தன் ரஷ்யப் பங்கை விற்றுவிட்டது. ரஷ்ய அரசின் வாயுக் கம்பெனி காஸ்ப்ரோம் அங்கேயேதான் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பாவுக்குப் போகாத வாயுவைப் பின்லாந்து எல்லைப் பக்கம் போர்தோவயாவில் கொளுத்தினார்கள், தீச்சுடர் பின்லாந்திலிருந்தே தெரிந்தது.

செந்தில்_எம்பிஏ:
என் கணக்கு தப்புதான். தலைப்பை மசூத் என்று மாற்றிக்கொள்கிறேன், வாத்தியார் சொன்ன வீட்டு எரிவாயு விலையையும் சேர்த்து.