மிராஜ் ஸ்டூடியோஸ் ஜெயித்ததா, விலைபோனதா?

கரிக்கோல்:
நிஞ்ஜா ஆமைகளை உருவாக்கிய மிராஜை "சுயாதீன காமிக்ஸின் வெற்றி" என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொடக்கம் அருமைதான். கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் வருமான வரியில் திரும்பி வந்த பணத்தையும், ஈஸ்ட்மனின் உறவினர் கொடுத்த கடனையும் போட்டு 1984 மே மாதம் முதல் இதழைச் சுமார் 3,000 பிரதிகள் அச்சடித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டோவர் ஊரில் வீட்டுக்குள்ளேயே வேலை. ஸ்டூடியோ என்று ஒன்று இல்லாததால்தான் மிராஜ், அதாவது கானல் நீர், என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 1987 முடிவதற்குள் டிவி கார்ட்டூன், அடுத்து பொம்மைகள். காமிக்ஸ் பின்னால் போய்விட்டது.

மழைத்தாள்:
அண்ணா, அந்த முதல் இதழின் பக்கங்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? டுவோஷேட் தாளில் வரைந்தது. ரசாயனத்தைத் தூரிகையால் தடவினால், தாளுக்குள் மறைந்திருக்கும் கோடுகள் மேலே வரும். சந்துகளின் இருட்டெல்லாம் அப்படி வந்ததுதான். வண்ணத்துக்குக் காசில்லாத இரண்டு பேர் கறுப்பு வெள்ளையிலேயே ஒரு நகரத்தை எழுப்பினார்கள். பிறகு பொம்மை விற்றதால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

கரிக்கோல்:
ஓவியத்தை நான் குறை சொல்லவே இல்லை தம்பி. விளைவைப் பாருங்கள். அவர்களைப் பார்த்து ஆளாளுக்குக் கறுப்பு வெள்ளை இதழ் போட்டார்கள். காமிக்ஸ் கடைகள் வாங்கியதைத் திருப்பித் தர முடியாது, விற்காவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு. 1987 வாக்கில் எல்லாம் சரிந்தபோது அடிபட்டது சின்னப் பதிப்பாளர்களும் கடைகளும்தான்.

பின்னட்டை:
திருப்பித் தர முடியாத அந்த விற்பனை முறை இல்லையென்றால் மிராஜே பிறந்திருக்காதே! முன்கூட்டி ஆர்டர் வரும், அந்த அளவுக்கு அச்சடித்தால் போதும். கையில் காசில்லாதவன் இதழ் போட முடிந்தது அதனால்தான். போலிகள் குவிந்ததற்கு இவர்களா பொறுப்பு?

பொம்மைக் காசு எங்கே போனது என்றும் பாருங்கள். லெயர்ட் 1992-இல் ஸெரிக் அறக்கட்டளை தொடங்கி, சொந்தமாக இதழ் போடுபவர்களுக்கு 2012 வரை அச்சுச் செலவுக்கு நிதி கொடுத்தார். ஈஸ்ட்மன் 1990-இல் டுண்ட்ரா பதிப்பகத்தில் பெரும்பணத்தைக் கொட்டினார். படைப்பாளிகளுக்கே உரிமை என்ற கொள்கைக்காக. 1993-இல் அது மூழ்கியது, ஆனால் அந்தப் பணம் காமிக்ஸுக்குள்தான் போனது.

கரிக்கோல்:
ஸெரிக் விஷயத்தில் நான் தலைவணங்குகிறேன். அதனால் எத்தனையோ பேரின் முதல் புத்தகம் வெளிவந்தது. ஆனாலும் 2009-இல் ஆமைகளை 6 கோடி டாலருக்கு வயாகாம் என்ற பெரிய ஊடக நிறுவனத்திடம் விற்றாகிவிட்டதே. படைப்பாளி உரிமைக்காக நின்றவர்கள், கடைசியில் உரிமையைத்தானே கொடுத்தார்கள்?

மழைத்தாள்:
யாரும் பிடுங்கவில்லை அண்ணா. 25 வருஷம் மிராஜின் கையில் இருந்தது; எப்போது, யாருக்கு என்று படைத்தவர்களே முடிவு செய்தார்கள். பிடுங்கப்பட்டவர்கள் கதை காமிக்ஸில் எத்தனை! விற்கும்போதும் லெயர்ட் ஒன்றை விடவில்லை: வருஷத்துக்கு 18 ஆமை இதழ்கள் வரை அவரே வெளியிடும் உரிமை. கறுப்பு வெள்ளையில்.