தங்கை மகன் ரெட்ரூத் ரக்பி கிளப்பில் சேர்ந்திருக்கிறான், பயப்பட வேண்டுமா?

பேரணாம்பட்டு மாமா:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கையும் மாப்பிள்ளையும் இரண்டு வருடமாக இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் ரெட்ரூத் என்ற ஊரில் இருக்கிறார்கள். மகனுக்கு ஏழு வயது. கூடப் படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து ஊர் ரக்பி கிளப்பில் சேர்ந்துவிட்டான். ஞாயிறு விடிந்தால் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறானாம். இங்கே அம்மாவுக்கு யாரோ போனில் ஒரு வீடியோ காட்டிவிட்டார்கள், அதில் எட்டுப் பேர் எட்டுப் பேராகத் தலையைக் கவிழ்த்து முட்டித் தள்ளுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பேரன் கழுத்து என்ன ஆகும் என்று ஒரே அழுகை. தங்கையிடம் சொல்லி நிறுத்திவிடட்டுமா?

இன்னொன்று. டிசம்பரில் நானும் அம்மாவும் அங்கே போகிறோம். 26ஆம் தேதி பக்கத்து ஊர் கேம்போர்னோடு ஆட்டமாம், கண்டிப்பாக வர வேண்டும் என்கிறான். கபடி தவிர எனக்கு வேறு ஆட்டம் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் நர்ஸ்:

அண்ணா, நான் ட்ரூரோவில் நான்கு வருடம் வேலை பார்த்தவள், ரெட்ரூத் அங்கிருந்து பக்கம்தான். முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் பார்த்தது ஸ்க்ரம், அது பெரியவர்கள் ஆட்டம். ஏழு வயதுப் பிள்ளைகள் ஆடுவது டேக் ரக்பி. இடுப்பு பெல்ட்டில் இரண்டு பக்கமும் நாடா மாதிரி ஒட்டியிருக்கும், எதிராளி அதைப் பிடுங்கினால் பந்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆளைக் கட்டிப் பிடிப்பதும் கீழே தள்ளுவதும் கிடையாது.

கிளப்பைப் பற்றிச் சொன்னால், 1875இல் ஆரம்பித்தது. மைதானத்தின் பேர் ரெக்ரியேஷன் கிரவுண்ட், ஊரில் எல்லோரும் 'ரெக்' என்பார்கள். அதில் ஒரு மூலைக்கு ஹெல்ஃபயர் கார்னர், அதாவது நரக நெருப்பு மூலை என்று பேர். வெளியூர் அணி அந்தப் பக்கம் ஆட வந்தால் கூட்டம் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! சம்பளத்துக்கு ஆடும் பெரிய கிளப் இல்லை அண்ணா, ஊர்க்காரர்கள் தூக்கி நிறுத்தி வைத்திருக்கும் கிளப். டீ போடுகிறவர், கோடு போடுகிறவர், டிக்கெட் கொடுக்கிறவர் எல்லாம் யாரோ ஒரு பையனின் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். நைட் டியூட்டி முடித்துவிட்டு ஒரு சனிக்கிழமை தனியாகப் போய் நின்றேன், பக்கத்தில் நின்ற பாட்டி தன் போர்வையில் பாதியை என் மேல் போட்டார். அந்த ஊரில் எனக்கு முதலில் பழக்கமான இடம் அந்த மைதானம்தான்.

தங்கவயல் பேரன்:

மாமா, நீங்கள் பேரணாம்பட்டு என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வி.கோட்டா பக்கம். எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் குழிக்குள் இறங்கியவர். ரெட்ரூத், கேம்போர்ன் இரண்டு ஊர்ப் பேரும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், காரணம் நம் வெள்ளைக்கார மேஸ்திரிகள் பலர் அந்தப் பக்கத்து ஆட்கள். கார்ன்வாலில் முக்கியமாகத் தகரமும் (வெள்ளீயம்) செம்பும்தான் வெட்டினார்கள். அதற்கு விலை விழுந்ததும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். உலகத்தில் எங்கே சுரங்கம் இருந்தாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று அவர்களிடம் ஒரு பேச்சே உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் இறங்கியபோது அவர்களும் வந்தார்கள். பாறை உடைத்தவர்கள் பெரும்பாலும் அன்றைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போன நம் ஆட்கள், சாம்பியன் ரீஃப் குழி 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். ரெட்ரூத்துக்கும் கேம்போர்னுக்கும் நடுவில் இருக்கும் சவுத் க்ராஃப்டி சுரங்கம் 1998இல் மூடியது, நம் தங்கவயல் 2001 பிப்ரவரியில் மூடியது. வேலை போன ஊர் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் சுரங்கம் போனாலும் ரக்பி போகவில்லை.

ரிச்சர்ட் ஷார்ப் என்று ஒருவர், 1938இல் மைசூரில் பிறந்தவர், ரெட்ரூத்துக்கு ஆடினார், 1963இல் இங்கிலாந்து அணிக்கே கேப்டன். அந்த வருடம் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் ஓடிப் போட்ட ட்ரையை, அதாவது எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்ததை, இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்த ஆட்டத்துக்குக் கொடுக்கும் கோப்பை எது தெரியுமா, கல்கத்தா கோப்பை! 1878இல் கல்கத்தாவில் ரக்பி ஆடிய கிளப்பைக் கலைத்தபோது கையில் மிச்சம் இருந்த நம் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேல் யானை.

அப்புறம் அந்த ரெக் மைதானம். 1908இல் கார்ன்வால் மாவட்ட அணி டர்ஹாமை 17-3 என்று ஜெயித்து முதல் தடவை சாம்பியன் ஆனது அங்கேதான். அதே அணி அந்த வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கியது. உங்கள் பையன் ஓடுவது அந்தப் புல்லில், மாமா.

போனால் பேஸ்டி சாப்பிடுங்கள், மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து ஓரத்தை முறுக்கிச் சுட்டது. நம்மவர்கள் களி உருண்டையைத் துணியில் கட்டிக்கொண்டு போன மாதிரி அவர்கள் குழிக்குள் கொண்டு போன சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குச் சீஸ் வைத்ததும் கிடைக்கும்.

பி.டி. வாத்தியார், திருத்தணி:

எல்லோரும் தைரியம் மட்டும் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அந்த அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போனால் ஆளைப் பிடித்துச் சாய்ப்பது ஆரம்பம் ஆகிவிடும், அதாவது அடுத்த சீசனிலேயே. அப்போது தங்கையும் மாப்பிள்ளையும் கிளப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்? சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. 21 நாளுக்கு முன்னால் போட்டியில் ஆடக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. 2023இலிருந்து கிளப் ஆட்டங்களில் நெஞ்செலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்றும் மாற்றிவிட்டார்கள், நல்ல மாற்றம். கபடியில் தலை மோதி மயங்கிய பையனைத் தண்ணீர் தெளித்து உடனே திரும்ப ஆடவிட்டதை நானே ஒரு பள்ளியில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். பையன் ஓடட்டும்.

பேரணாம்பட்டு மாமா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சொன்னதைத் தங்கைக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். தங்கவயல் தம்பி எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மாவின் அப்பாவும் சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர், அவருடைய பித்தளை டோக்கன் இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இப்போது டோக்கனையும் எடுத்துக்கொண்டு போகலாம், பேரன் கையில் கொடுக்க வேண்டும் என்கிறார். நர்ஸ் அம்மா, ஆட்டத்தன்று காலையில் லண்டனிலிருந்து ரயிலில் போனால் சரியாக இருக்குமா? அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்குமா?

சித்தூர் நர்ஸ்:

ஐயோ அண்ணா, 25ஆம் தேதி அங்கே ரயிலே ஓடாது, 26ஆம் தேதியும் அந்தப் பக்கம் ரயிலை நம்பிக் கிளம்பாதீர்கள். 24க்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள், லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். கூரை போட்ட ஸ்டாண்ட் இருக்கிறது, சீக்கிரம் போனால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். குடை வேண்டாம், அட்லாண்டிக் காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், இங்கிருந்து அம்மாவுக்கு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் மட்டும் எடுத்துப் போங்கள்.