மத்தியான வெயிலில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய சிவிக்

தொண்ணூறுகளின் ஹோண்டா சிவிக், சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுகிறேன். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். தேக்கா பக்கம் திறந்த கார்பார்க்கில் நிறுத்தி, சாமான் வாங்கி வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்ட உடனே பெட்ரோல் பம்ப் மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பம்ப் தளர்ந்தால் மேம்பாலம் ஏறும்போதே வண்டி திணறும். இதுவோ கிளம்பிவிட்டால் பிஐஇ விரைவுச்சாலையில் பறக்கிறது.

இந்த வண்டிகளில் சாவியை ஆன் வரை திருப்பினால் போதும், பின்னால் டேங்க்குக்குள் பம்ப் 2 வினாடி இரையும். கூடவே டேஷ்போர்டுக்கு அடியில், பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான மெயின் ரிலே ‘டிக்’ என்னும். காலையில் இரண்டும் கேட்டன. வெயிலில் காய்ந்த பிறகு இரண்டுமே இல்லை. பம்ப் மட்டும் பழுதென்றால் ரிலே ஏன் வாயை மூட வேண்டும்? மீட்டர் வைத்துப் பார்த்தேன், பம்ப் கனெக்டருக்கு 12 வோல்ட் வரவே இல்லை.

ரிலேயைக் கழற்றி லென்ஸில் பார்த்தால் ஈயப்பற்றைச் சுற்றி முடி அளவு கீறல். சூடேறினால் தொடர்பு விட்டுப்போகும். பழைய ஹோண்டாக்களுக்கே உரிய வியாதி இது. மறுபடி ஈயம் வைத்ததும் சரியாகிவிட்டது.

மறுமொழி:

உங்களுக்கு மத்தியானம், எனக்குக் காலை. ராத்திரி முழுக்க நின்ற வண்டி ரொம்ப நேரம் சுற்றித்தான் பிடிக்கும். சாவியை சில தடவை ஆன், ஆஃப் செய்துவிட்டுத் திருப்பினால் உடனே பிடிக்கும். லைனில் பெட்ரோல் அழுத்தம் நிற்கவில்லை என்று அப்போதே சந்தேகம்.

அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினோம். ஓடும்போது 3 பாருக்குக் கிட்டே. அணைத்ததும் மளமளவென்று இறங்கியது. மிச்சப் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ரப்பர் குழாயை நெரித்தும் இறக்கம் நிற்கவில்லை, ஆகவே குற்றம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் இல்லை. பம்ப்பிலிருந்து வரும் குழாயை நெரித்ததும் நின்றது. பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வுதான் கசிகிறது. அது தனியாகக் கிடைக்காது, பம்ப்பையே மாற்ற வேண்டும்.

அதிலும் ஒரு கூத்து. எல்லை தாண்டி ஜொகூர் போக சிங்கப்பூர் வண்டிக்கு முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்றே என்று அப்போதுதான் நிரப்பியிருந்தேன். இவ்வளவு பெட்ரோலோடு டேங்க்கைத் திறக்க மாட்டேன், ஓட்டிக் குறைச்சிட்டு வாங்க அண்ணே என்றார் மெக்கானிக். மேற்குக் கோடி துவாஸ், கிழக்குக் கோடி சாங்கி என்று சும்மா சுற்றி வந்த பிறகுதான் கை வைத்தார்.